எஞ்சிய ஆயுள் 5 ஆண்டுகள்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், மதிப்பீட்டுப் பொறியாளரின் அறிக்கை மேசைக்கு வந்தால் விலையைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் ஒரு கட்டத்தைத் தேடும். “கட்டடத்தின் எஞ்சிய ஆயுள்” என்பது அதன் தலைப்பு. கடனை 15 ஆண்டுகளில் அடைப்பதாக விண்ணப்பம் இருக்கும்போது அந்தக் கட்டத்தில் 5 என்றோ 8 என்றோ எழுதியிருந்தால், அதற்கு மேல் அறிக்கையைப் படிக்க வேண்டிய தேவை இருக்காது. கடன் முடியும்வரை நிற்காத கட்டடத்தை அடமானமாக வைத்துக்கொண்டு வங்கி என்ன செய்யும்? கும்பகோணத்தின் பழைய தெருக்களிலிருந்து வந்த எத்தனையோ விண்ணப்பங்களை அந்த ஓர் எண்ணை வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது, ஒரு வீட்டுக்கு இன்னும் 5 ஆண்டுகள்தான் என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று பணியில் இருந்தவரை ஒருநாளும் கேட்டதில்லை.

பணி ஓய்வு பெற்றபின் 2024 தை மாதத்தில், ஓய்வுக்கால நிதியையும் ஒரு மனையை விற்ற பணத்தையும் சேர்த்து அப்படிப்பட்ட ஒரு வீட்டை நானே வாங்கினேன். வயது 90, எஞ்சிய ஆயுள் 5 என்று அதன் அறிக்கையிலும் இருந்தது. கடன் வாங்காமல் முழுத்தொகையும் கொடுத்து வாங்கியதால் அந்தக் கட்டம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாடகைக்கு விடலாம், மாதாமாதம் ஒரு தொகை வரும், ஊரிலேயே இருப்பதால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் இருந்தது. என் கணவருக்கு இதில் அரை மனதுதான். அதன்பிறகு இரண்டு மழைக்காலங்கள் போய்விட்டன. அந்த 5 என்ற எண் மட்டும் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

மனைக்கு விலை, கட்டடத்துக்கு வாடகை

மேற்குப் பார்த்த வீடு. அகலம் 18 அடி, நீளம் 110 அடி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு பின்புறச் சந்தில் முடிகிறது. தாழ்வாரங்களுக்கு நாட்டு ஓடு, கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ். அந்தத் தளத்தை அண்ணாந்து பார்க்காமல் அந்தக் கூடத்தை என்னால் கடக்க முடிந்ததில்லை. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சிறிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் சாய்வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்திருக்கிறார்கள். கம்பி என்பதே இல்லாத தளம் அது. தெற்குச் சுவர் நமக்கே உரியது. வடக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது என்று பத்திரத்தில் இருக்கிறது.

வீட்டைக் காட்டிய தரகர் திண்ணையில் உட்கார்ந்தபடி, “கட்டடத்துக்கு ஒரு பைசா கேக்கலம்மா, மனை வெலதான்” என்றார். சாதகமான செய்தியாகவே சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். 1,980 சதுர அடி, சதுர அடி 2,500 ரூபாய், மொத்தம் 49.5 லட்சம். தேக்கும் ஓடும் கிணறும் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. பத்திரப்பதிவின்போது கட்டடத்தின் வயது, கூரை வகை, தரை வகை ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்ப வேண்டும்; வயது கூடக் கூடத் தேய்மானம் கழிந்து மதிப்பு குறைந்துகொண்டே போகும். 90 வயதுக் கட்டடத்துக்கு அதில் மிஞ்சுவது பெயரளவுக்கான ஒரு தொகைதான். இது என்னை உறுத்தத் தொடங்கியதற்குக் காரணம் மிக எளிமையானது. மனை வாடகை தராது. குடிவருபவர் வாடகை கொடுப்பது கூரைக்கும் சுவருக்கும் அடுக்களைக்கும் கிணற்றுக்கும்தான். மாதாமாதம் பணம் தரப்போகும் பகுதியைச் சுழியம் என்று மதித்து வாங்கிவிட்டு, பணமே தராத பகுதிக்கு முழு விலையும் கொடுத்திருக்கிறேன். முதலீடு என்ற சொல்லை முப்பது ஆண்டுகளாகப் பிறருக்கு விளக்கிய நான் இதை வாங்கியபின்தான் யோசித்தேன்.

ஆவணங்களில் நான் ஏமாறவில்லை. அது பழகிய வேலை. கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான மனைகள் கும்பகோணத்தில் ஏராளம். வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருக்கும். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி, உரிய அனுமதியில்லாமல் அத்தகைய மனையைப் பதிவு செய்ய முடியாது. பார்த்த வீடுகளில் இரண்டை அதனாலேயே விட்டுவிட்டேன். இந்த வீட்டில் மூலப்பத்திரமும் தொடர்பத்திரங்களும் சரியாக இருந்தன; வாரிசுகள் ஏழு பேர், அவர்களில் கனடாவில் இருப்பவர் அங்கிருந்தே பொது அதிகார ஆவணம் அனுப்பினார். 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ நாலரை லட்சம். காகிதத்தைப் பார்த்த அளவுக்குச் சுவரை நான் பார்க்கவில்லை. விற்பனைக்காகப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் பளிச்சென்று இருந்தது. பழைய வீடு பார்க்கப் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஐப்பசியில் போய்ப் பாருங்கள், சித்திரையில் வேண்டாம் என்று சொல்கிறேன்.

முழங்கால் உயரம்

சீரமைப்பை ஓர் இளம் ஒப்பந்தக்காரரிடம் விட்டேன். சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். நான் கேட்டதைத்தான் செய்தார். உதிர்ந்துகொண்டிருந்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, அதன் மேல் எமல்ஷன். ரேழியிலும் கூடத்திலும் இருந்த சிவப்பு ஆக்சைடு தரையின் மேல் விட்ரிஃபைடு டைல்ஸ். கொல்லைச் சந்து வழியாகத் தனி வாசல் வைத்து, இரண்டாம் கட்டைத் தனிக் குடித்தனமாக்கினோம். வெஸ்டர்ன் டாய்லெட், அடுக்களை மேடை, முற்றத்துக்குக் கம்பி வலை. வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான். கேட்பதில் தவறும் இல்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். 8.6 லட்சம் செலவானது. ஆவணி முதல் வாரத்தில் முன்கட்டில் ஒரு கல்லூரி ஆசிரியர் குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறியது. இரண்டு வயதுக் குழந்தை அவர்களுக்கு. பின்கட்டுக்கு இரண்டு செவிலியர்கள் வந்தார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசி மழைக்கே கூடத்துச் சுவரில் அப்பளம் பொரிந்ததுபோல் எமல்ஷன் எழும்பத் தொடங்கியது. நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி நாள்கணக்கில் மழை பெய்தபோது அது இடுப்பு உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆசிரியரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, பீரோவ நகத்திப் பாத்தோம். பின்னாடி செவுரு பூரா வெள்ளையா பஞ்சு மாதிரி பூத்திருக்கு. கொழந்தைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. உங்கள சொல்லணும்னு இல்ல, என்ன பண்றதுன்னு தெரியல” என்றார். அன்று மாலையே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறிய அந்த ஈர வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. மார்கழி முடியட்டும் என்று காத்திருந்து தையில் அவர்கள் வேறு வீட்டுக்குப் போனார்கள். முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குழந்தை ஐந்து மாதம் அந்த ஈரத்துக்குள் தூங்கியதற்கு நான் என்ன திருப்பிக் கொடுக்க முடியும் என்று தெரியவில்லை.

ஒப்பந்தக்காரர் வந்து பார்த்து, சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தி மேலே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிடலாம் என்றார். முன்பணம் கொடுக்கத் தயாராகவே இருந்தேன். அப்போதுதான் பின்கட்டில் இருந்த செவிலியர்களில் ஒருவர், தன் ஊரில் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இருப்பதாகச் சொல்லி அழைத்துவந்தார். எழுபதைக் கடந்தவர். வந்தவர் சுவரைத் தொடவில்லை. முதலில் கிணற்றை எட்டிப்பார்த்து நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து கரணையின் கைப்பிடியால் தரையிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போனார். மார்பு உயரம்வரை பொத்துப் பொத்தென்று ஓசை. அதற்கு மேல் கெட்டி. கரணை முனையை ஒரு வெடிப்பில் நுழைத்து நெம்பியபோது, முறத்தளவு சிமெண்ட் பூச்சு ஒரே பாளமாகக் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. உள்ளே செங்கல்லின் மேல் ஊசி ஊசியாக வெண்ணிறத்தில் உப்பு நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

நான் எதிர்பார்த்ததுபோல் அவர் சிமெண்டைத் திட்டவில்லை. தெற்குச் சுவரின் ஓர் ஓரத்தில், பழைய மர அலமாரிக்குப் பின்னால் கொத்தாமல் விடப்பட்டிருந்த ஓரடி அகலப் பூச்சைக் காட்டினார். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை அதன் நிறம் வேறாகவும், சொரசொரப்பாகவும் இருந்தது. அதற்கு மேல் முட்டைத்தோல்போல் வழவழப்பு. “இந்த ஊரு மண்ணுல ஓதம் ஏறாத செவுரு ஏதும்மா? எங்கப்பா காலத்துலயும் ஏறுச்சு. மொழங்காலோட நின்னுக்கும். கீழ ரெண்டடிய நாலு வருஷத்துக்கு ஒருக்கா சொரண்டிட்டுப் பூசுவோம். மேல வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை. அவ்ளோதான் வேல” என்றார். அந்த ஓரடிப் பூச்சில் அவர் நகத்தால் கீறிக் காட்டிய இடத்தில், மேலே ஏடு ஏடாக வெள்ளை அடுக்குகள் தெரிந்தன. எண்ணிப்பார்க்க முயன்றேன். இருபதுக்கு மேல் கண் பிடிபடவில்லை.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் நான் படித்த அந்தக் கட்டம், அந்த எண், எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வீட்டை யார் எப்படிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. இந்த வீட்டுக்கோ ஆண்டுதோறும் ஒருவர் வந்து சுவரை அடிமுதல் முடிவரை தடவிப் பார்த்து, பெயர்ந்ததைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசிவிட்டுப் போயிருக்கிறார். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத் தாழ்வாகவே ஆவியாகிவிடும். உடன் வரும் உப்பு அந்தக் கீழ்ப்பூச்சைத்தான் அரிக்கும், செங்கல்லை விட்டுவிடும். அரிக்கப்படுவதற்கென்றே பூசிய பூச்சு அது. நான் பூசிய சிமெண்ட் ஈரத்தை வெளியேற விடவில்லை. தரையில் பதித்த டைல்ஸ் அங்கிருந்த வழியையும் அடைத்தது. போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மார்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை நான் வீட்டுக்கு அழகு செய்யும் வழக்கமாகவே நினைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்த உடனே வரும் பண்டிகைக்கு வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் நகர்த்தி ஒவ்வொரு சுவரையும் பார்த்துவிடும் ஏற்பாடு அது. ஏழாண்டு உத்தரவாதம் உள்ள பெயிண்டை அடித்தபோது, ஏழாண்டுகள் சுவரைப் பார்க்க வேண்டாம் என்ற உறுதியைத்தான் நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

வாங்கிப் போடுவது

நம்மிடம் “வாங்கிப் போடு” என்று ஒரு பேச்சு உண்டு. மனையை வாங்கிப் போடு, நகையை வாங்கிப் போடு, ஒரு ஃப்ளாட்டை வாங்கிப் போடு. வாங்கியபின் அதன் பக்கம் திரும்பாமலே அது வளரும் என்ற நம்பிக்கை அந்தப் “போடு” என்ற சொல்லில் இருக்கிறது. மனையைப் போட்டுவைக்கலாம். பழைய வீட்டை வாங்கலாம், போட்டுவைக்க முடியாது. இந்த வீடு கெடத் தொடங்கியதும் வயதானதால் அன்று. வாரிசுகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்க் கதவு பூட்டப்பட்ட பிறகு வந்த பொங்கல்களில் யாரும் சுவரைப் பார்க்கவில்லை என்பதால்தான்.

இரண்டாம் முறை வேலை நடந்தது 2025 தையிலிருந்து ஆனிவரை. மார்பு உயரம்வரை சிமெண்ட் முழுவதையும் எடுத்தோம். சுவர்கள் அப்படியே ஆறு வாரம் காய்ந்தன. ஈரத் துணியை ஒற்றி உப்பை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுவரை ஒட்டிய ஒரு வரிசை டைல்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுண்ணாம்பும் ஜல்லியுமாக நிரப்பினார்கள். கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்தார்கள். ஒரு பூச்சு இறுகும்வரை அடுத்த பூச்சைத் தொட மாட்டேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு மெல்லத்தான் கல்லாகும். அதை விரைவுபடுத்த வழியில்லை. 3.4 லட்சம் செலவு, முன்கட்டில் ஏழு மாத வாடகை இழப்பு.

கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். மனை, பதிவு, இரண்டு சீரமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 66 லட்சம். இப்போது முன்கட்டுக்கு 9,000, பின்கட்டுக்கு 7,000. ஆண்டுக்கு 1,92,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் சொத்துவரி போக மிஞ்சும் வாடகையிலிருந்து, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். பழைய வீட்டைப் பொறுத்தவரை அந்த 30 சதவீதத்தை உண்மையாகவே செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம். அதையும் ஒதுக்கினால் கையில் நிற்பது 2 சதவீதத்தை ஒட்டிய வருமானம். இதே பணம் 7 சதவீத வைப்புத்தொகையில் இருந்திருந்தால் ஆண்டுக்கு 4.62 லட்சம் வந்திருக்கும். மனை விலை ஏறுகிறதே என்பார்கள். ஏறுகிறதுதான். ஆனால் அந்த ஏற்றம் விற்றால்தான் கைக்கு வரும். மனை விலைக்கு வாங்குகிறவர் இடிக்கத்தான் வாங்குவார். அப்படியானால் இத்தனை ஆண்டு வாடகை தந்த கட்டடத்தை இடித்தால்தான் இந்த முதலீட்டில் லாபம் என்றாகிறது. அந்தக் கணக்கில் என் மனம் ஒப்பவில்லை.

அதே தரகர் சென்ற ஆண்டு மறுபடி வந்தார். 2028-இல் மகாமகம் வருகிறது, அறைக்கு அறை குளியலறை வைத்து நாள்வாடகைக்கு விட்டால் குடித்தன வாடகையைப்போல் பல மடங்கு பார்க்கலாம் என்றார். அவர் சொன்ன வருமானத்தில் பொய் இருக்காது. ஆனால் மெட்ராஸ் டெரஸின் மேல் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, ஒவ்வொரு சுவருக்குள்ளும் குழாய் செருகிச் செய்ய வேண்டிய வேலை அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடித்தனம் வைப்பதில் எனக்கு வேறொரு நன்மையும் இருக்கிறது. தினமும் சுவரைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். முன்கட்டுக்கு இப்போது வந்திருக்கும் குடும்பத்துடன் எழுதிய ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் இரண்டு நாள் வெள்ளையடிக்க இடம் தர வேண்டும், பீரோவும் கட்டிலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தேன். மூன்று மாத வாடகைதான் முன்பணம். 2025 மழைக்காலத்தில் ஓதம் முழங்காலுக்குக் கீழே நின்றது. 2026 பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நானும் கூடவே இருந்தேன்.

வடக்குச் சுவர்

இதை எழுத உட்கார்ந்ததற்கு உடனடிக் காரணம் பக்கத்து வீடு. அதுவும் என் வீட்டின் வயதுதான். தை கடைசியில் விற்றுவிட்டார்கள், மனை விலைக்கு. வாங்கியவர் பண்பான மனிதர். இடித்துவிட்டு மூன்று தளம் கட்டப்போவதாக வந்து முறையாகச் சொன்னார். என் பத்திரத்தில் இருக்கும் “வடபுறச் சுவர் பொது” என்ற வரியை அவரிடம் காட்டினேன். ஒன்றரை அடிச் சுவர் அது. இந்தப் பக்கம் என் கூடத்துக் கட்டைகளின் முனைகளும் அந்தப் பக்கம் அவர்கள் கூடத்துக் கட்டைகளின் முனைகளும் அதே சுவருக்குள்தான் அமர்ந்திருக்கின்றன. சுவரைத் தொட மாட்டேன் என்றார். தொடாமல் அந்தப் பக்கக் கட்டைகளை எப்படி உருவுவது என்று அவருடைய பொறியாளருக்கும் தெளிவில்லை. மதிப்பீட்டு அறிக்கையையும் எனக்குக் காட்டினார். நான் தேடிய கட்டத்தில் எண் இல்லை, ஒரு சிறு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் பாதி என் வீட்டின் மேலும் விழுகிறது என்று அவரிடம் சொன்னேன். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

பெரியவர் நேற்று வந்து ஏணி போட்டு ஏறி, வடக்குச் சுவரில் என் கட்டைகள் நுழையும் இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சாக்குக்கட்டியால் எண் போட்டார். பதினெட்டு. இரண்டின் முனையில் கரையான் தொட்டிருக்கிறது, மற்றவை இரும்புபோல் இருக்கின்றன என்றார். சித்திரை பிறந்ததும் அந்தப் பக்கம் இடிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முதல் நாளே வந்து பதினெட்டுக் கட்டைகளுக்கும் இந்தப் பக்கமிருந்து முட்டுக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். குடியிருப்பவர்கள் அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டு மாடியில் தங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சவுக்குக் கழிகள் இன்று காலை ரேழியில் வந்து இறங்கிவிட்டன.